பதினோரு ரோல்

ரோல்காரம்மா வழுக்கி விழுந்தபோது கையிலிருந்த ட்ரேயை விடவில்லை. பின்வாசலில் சோப்பு நுரை வழிந்து கிடந்த தரையில் கால் இழுத்துக்கொண்டு போனது. வலது கையை ஊன்றினாள். இடது கையில் ட்ரேயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். ட்ரேயில் ஒரு நெளிவு இல்லை. மணிக்கட்டுதான் போயிற்று.

"ட்ரேயைக் காப்பாத்திட்டு கையை விட்டுட்டியே" என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் புருஷன் கொத்தனார் புலம்பிக்கொண்டு வந்தார்.

"ட்ரே ஒண்ணுதான் இருக்கு. கை ரெண்டு இருக்கே" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் தையல் ஆலை கேன்டீனில் பன்னிரண்டு சாக்லேட் ரோல் கொண்டுபோய் இறக்க வேண்டும். தானாகத் தேடி வந்த ஆர்டர் அது. கேன்டீன் பொறுப்பில் இருக்கிற அம்மா, யாருடைய வழியனுப்பு டீயிலோ ஒரு துண்டு தின்றுவிட்டு, யார் செய்தது என்று விசாரித்து, உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "பன்னெண்டு லைன் இருக்கு. லைனுக்குப் பதினாலு பேர். லைனுக்கு ஒரு ரோல் குடுங்க. எங்க ஆளுங்களுக்குப் பிடிச்சா வாராவாரம் வெள்ளிக்கிழமை உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

ரோல்காரம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை இது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பேக்கரியில் மூன்று வருஷம் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த மாஸ்டர், ரோல் சுத்துகிற நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த முதுகை மூன்று வருஷம் பார்த்ததுதான் அவள் படிப்பு. பிறகு சொந்த வீட்டில், சீட்டுப் போட்டு வாங்கின ஓவனில், முதல் நாற்பது ரோலும் வெடித்தது. வெடித்ததை யாரும் பார்க்குமுன் உதிர்த்துப் பாலில் போட்டு மகளுக்குக் கொடுத்துவிடுவாள். நாற்பத்தொன்றாவது வெடிக்கவில்லை. சூடு இருக்கும்போதே துணியோடு சேர்த்து ஒரு தடவை சுத்தி வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். மகள் வளர்ந்து வெளியூரில் நர்ஸ் படிப்புக்கும் போய்விட்டாள். பிறந்தநாள், ஆபீஸ் விருந்து, பதவி உயர்வு எதுவானாலும் அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் அவள் ரோல்தான்.

புதன்கிழமை சாயங்காலம் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. கொத்தனார் எதிரில் குந்திக்கொண்டு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாகச் சுவர் பூசுகிறவர்.

"யாரு பூசினது இது? இந்தப் பக்கம் கனமா இருக்கு, அந்தப் பக்கம் எலும்பு தெரியும் போலிருக்கு. மட்டமே பாக்கல."

"ஆறு வாரத்துல உடைக்கப்போற சுவரு. இது போதும்" என்றாள்.

அவர் தங்கை தகவல் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். தெருவிலேயே பெரிய ஃபிரிட்ஜ் அவள் வீட்டு ஃபிரிட்ஜ்தான். ரோல்காரம்மாவின் சரக்கில் பாதி அங்கேதான் குளிரும்.

"அண்ணி, அந்தம்மாவுக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடுங்க. கை உடைஞ்சவங்ககிட்ட யாரு என்ன கேக்கப்போறா?"

"சொல்லலாம். அடுத்த வாரம் அவங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க. அதுக்கப்புறம் நான் அந்த வாசல்ல போய் நிக்க முடியாது."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. பெரிய பேக்கரியில பன்னெண்டு ரோல் சொல்லிடுவோம். உங்க பெட்டியில வச்சுக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் ரோல்காரம்மா. "அந்த ரோலைப் பாத்திருக்கேன். உள்ள க்ரீம் பல்லுல பட்ட உடனே எண்ணெய் மாதிரி மேலண்ணத்துல ஒட்டும். அதைத் தின்னுட்டு, இதான் அந்தம்மா ரோலான்னு நூத்தி அறுபத்தெட்டு பேரு சொல்லணுமா? கை உடைஞ்சா கூடிடும். பேரு உடைஞ்சா கட்டுப்போட ஆஸ்பத்திரி ஏது?"

கொத்தனார் தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு நாளு ஓய்வா இரேன். உனக்கு என்ன, இது ஒரு பொழுதுபோக்கு மாதிரிதானே..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தங்கை தரையைப் பார்த்தாள்.

ரோல்காரம்மா குரலை உயர்த்தவில்லை. "போன வருஷம் மேஸ்திரி வீட்டு விருந்துல, உங்க வீட்டம்மா என்ன செய்யறாங்கன்னு ஒருத்தர் கேட்டாரு. சும்மா வீட்லதான் இருக்கான்னு சொன்னீங்க. நான் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். அந்த விருந்துக்கு வச்ச ரோலும் நான் செஞ்சதுதான். சுத்துன கை காயல, சும்மா இருக்கான்னுட்டீங்க."

கொத்தனார் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்பி வந்து, "உன் வாய் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"அதுக்கென்ன?"

"நீ சொல்லு. நான் செய்யறேன். கை என்னுது, புத்தி உன்னுது."

தங்கை சிரித்துவிட்டாள். "அண்ணனா? முட்டையை உடைக்கச் சொன்னா சம்மட்டி எடுத்துட்டு வருமே."

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம், வேலையிலிருந்து அரைநாளில் கிளம்பி வந்து, கொத்தனார் முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். நகக்கண்ணில் இருந்த சிமெண்டை அவள் தீக்குச்சியால் நோண்டி எடுத்தாள். முட்டையை உடைத்து மஞ்சளும் வெள்ளையும் பிரிக்கிற வேலையில் அவர் தேறிவிட்டார். பெரிய கை என்றாலும் பொறுமையான கை. வெள்ளைக்கருவை அவளே இடது கையில் பீட்டரைப் பிடித்து நுரைக்க, அவர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு நுரை வந்தது. அதில் மஞ்சள்கருவும் சர்க்கரையும் அடித்த கலவையை ஊற்றி, மைதாவையும் கோகோவையும் சலித்துப் போட்டாள். கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"கலக்கக் கூடாது. மடிக்கணும். அடியிலேருந்து எடுத்து மேல போடுங்க. நுரை சாகக் கூடாது."

அவர் நாலு சுத்து சுத்தினார். மணலும் ஜல்லியும் கலக்கிற சுத்து. கிண்ணம் நிறைய இருந்த நுரை பெருமூச்சு விட்டாற்போல் இறங்கிக் கால் கிண்ணம் ஆயிற்று. வெந்து வந்ததைத் தங்கை தூக்கிப் பார்த்து, "தரைக்குப் போடலாம் அண்ணே. ஆயுசுக்கும் தேயாது" என்றாள்.

"கை கனமா இருக்கு உங்களுக்கு" என்றாள் ரோல்காரம்மா. "தூங்கற குழந்தைக்குப் போர்வை போத்தற மாதிரி போகணும். மறுபடியும் நாலு முட்டை எடுங்க."

இரண்டாம் தடவை கை கொஞ்சம் அடங்கியது. அதை ட்ரேயில் ஊற்றின பிறகுதான் அவள் எதிர்பாராதது நடந்தது. பரப்புகிற தகட்டை அவர் வாங்கிப் பார்த்தார். "இது நம்ம பூசற கரணைதானே" என்றார். இடது மூலையில் தொடங்கி ஒரே இழுப்பு, மறு இழுப்பு, விளிம்புகளில் ஒரு தட்டல். மாவு கண்ணாடி மாதிரி நின்றது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் அவள் கையில் அப்படி மட்டமாக நின்றதில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெந்து வெளியே வந்தபோது வலது ஓரம் மட்டும் தடித்திருந்தது.

"அது எப்பவும் அப்படித்தான். அந்த ஓரத்தை வெட்டிடுவேன். நான் சரியா பரப்பலைன்னு நினைச்சுக்குவேன்" என்றாள்.

"நான் பரப்பினது அப்படிப் போகாது" என்றார் கொத்தனார். வேலைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்து துடைத்து ஓவன் மேல் வைத்துப் பார்த்தார். குமிழி ஓரமாக ஒதுங்கி நின்றது. "பாரு. ஓவன் சாஞ்சு நிக்குது. அரை விரக்கடை. ஒன்பது வருஷமா உன் மேல தப்பே இல்லம்மா." ஒரு தகரத்துண்டை மடித்து ஓவன் காலுக்கடியில் செருகினார். குமிழி நடுவுக்கு வந்தது. அவள் அந்தக் குமிழியையே பார்த்தாள். எத்தனை விளிம்பு வெட்டி எறிந்திருப்பாள், எத்தனை தடவை தன்னைத்தானே திட்டியிருப்பாள் என்று நினைத்ததில் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அடுத்த ட்ரே வெந்து வந்ததும் சுத்துகிற வேலை. கோகோ தூவின துணியில் ட்ரேயைக் கவிழ்த்து, பட்டர் பேப்பரை உரித்தாள்.

"இப்ப சுத்துங்க. துணியோட சேத்து. இப்ப அது சொன்ன பேச்சு கேக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம் போனா எதிர்த்துப் பேசும்."

"பூச்சு வேலை மாதிரிதான். ஈரம் போறதுக்குள்ள தேய்ச்சுடணும்" என்றார் அவர். சொன்னாரே தவிர துணியைத் தொடவே பயந்தார். நாலு மாடிச் சாரத்தில் ஒற்றைப் பலகையில் நடக்கிற மனுஷன்.

"முதல் மடிப்பு மட்டும் இறுக்கமா. அப்புறம் அதுவே உருளும். நீங்க கூடப் போனா போதும். அமுக்காதீங்க, தள்ளாதீங்க."

உருண்டது. வெடிக்கவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஓவன் சூடாகிவிட்டது. ஒரு ட்ரே, ஒரு ஓவன், பன்னிரண்டு தடவை. அவள் நுரைப்பாள், அவர் மடிப்பார், அவர் பரப்புவார், அவள் உள்ளே எட்டிப் பார்த்து வாசனையை வைத்து "எடுங்க" என்பாள். கடிகாரம் சுவரில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு மேஸ்திரி போன் செய்தார். கொத்தனார் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "காய்ச்சல் மேஸ்திரி. ராத்திரிலேருந்து அனலா கொதிக்குது" என்றார். ஓவன் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் அதைச் சொன்னது பொய் மாதிரியே இல்லை. தங்கை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ரோல்காரம்மா சிரிக்கவில்லை. சமையலறை ஜன்னலை அவர் விடியும்போதே சாத்திவிட்டதை அவள் கவனித்திருந்தாள்.

பத்து மணிக்குப் பன்னிரண்டும் துணியோடு முன்னறைக் கட்டிலில் வரிசையாகப் படுத்திருந்தன. ஆறட்டும் என்று விட்டுவிட்டு க்ரீமை எடுத்தார்கள். தங்கை வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து நேரே வந்த க்ரீம், ஐஸ்கட்டி மேல் வைத்த கிண்ணம், எல்லாம் முறைப்படிதான். ஆனால் விடியற்காலையிலிருந்து எரிந்த ஓவனும், சாத்தின ஜன்னலும், வெளியே ஏறிக்கொண்டிருந்த வெயிலும் சேர்ந்து அந்தச் சமையலறை புழுங்கியது. க்ரீம் கெட்டிப்படுகிற மாதிரி வந்து, மறுபடி தளர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் அடிச்சா வந்துடும்" என்று பீட்டரை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"வேண்டாம், விட்டுடுங்க" என்று அவள் சொல்வதற்குள் க்ரீம் திரிந்து, ஒரு பக்கம் வெண்ணெயும் ஒரு பக்கம் தண்ணீருமாகப் பிரிந்துபோயிற்று.

மூன்று ரோலுக்கான க்ரீம். கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று உபரியாக அவ்வளவுதான் வாங்கி வைத்திருந்தாள். இனி ஒரு சொட்டும் கூடுதல் இல்லை.

"ஜன்னலைத் திறங்க" என்றாள்.

"தூசி வரும்."

"ஒன்பது வருஷமா திறந்து வச்சுத்தான் செய்யறேன். எதுக்கு மூடினீங்கன்னு எனக்குத் தெரியும். எதிர்ல உங்ககூட வேலை செய்யற பெயிண்டர் வீடு."

அவர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பூசின சுவரை நாலு பேரு அண்ணாந்து பாக்கறப்ப அங்கேயே நின்னு ரசிப்பீங்க. நானும் கூட நின்னிருக்கேன். பெருமையாத்தான் இருக்கும் எனக்கு. என் வேலையைச் செய்யறப்ப மட்டும் திருட்டு வேலை மாதிரி கதவைச் சாத்திக்கணுமா? உங்களுக்கு வெக்கமா இருந்தா போங்க, நான் இடது கையால முடிஞ்ச வரைக்கும் செய்யறேன். ஆனா ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் போங்க."

கொத்தனார் கையிலிருந்த பீட்டரைக் கீழே வைத்தார். போய்விடப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் சமையலறை மேஜையை இரண்டு கையாலும் அலாக்காகத் தூக்கினார். பக்கவாட்டில் திருப்பி, நிலைப்படியில் இடிக்காமல் முன்னறைக்குக் கொண்டுபோய் வாசல் கதவுக்கு நேராகப் போட்டார். கதவை விரியத் திறந்தார். ஜன்னல் இரண்டையும் திறந்தார். தெருவோரத்து மரத்தடிக் காற்று உள்ளே வந்தது.

"இங்கதான் காத்து வருது" என்றார். "ஐஸ் கொண்டாரச் சொல்லு."

இந்தத் தடவை க்ரீம் நின்றது. பீட்டரைத் தூக்கினால் நுனி வளைந்து அப்படியே நிற்கிற பதம். ரோல்காரம்மா ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "போதும்" என்றாள். முதல் துணியை மெல்லப் பிரித்தாள். ஸ்பாஞ்ச் கேக் சுருண்ட நினைப்போடு, ஓரம் தூக்கிக்கொண்டு படுத்தது. கொத்தனார் தகட்டில் க்ரீமை எடுத்து ஒரே கனத்தில் இழுத்தார். கடைசி இரண்டு விரல் இடம் மட்டும் விட்டார். சுத்தும்போது க்ரீம் அங்கே ஓடிவரும் என்று முந்தின நாள் அவள் சொன்னதை மறக்கவில்லை. உருட்டினார். துணி விலக, மேல் தோல் மாசு மருவில்லாமல் கருகருவென்று வந்தது.

ஒன்பதாவது ரோல் நடக்கும்போது பெயிண்டர் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்.

"என்ன கொத்தனாரே, காய்ச்சல்னு மேஸ்திரி சொன்னாரு."

"விட்டுடுச்சு."

"என்ன நடக்குது இங்க?"

"பாத்தா தெரியல? கேக் சுத்தறேன்."

"நீரா?"

"வீட்டம்மா ஆர்டர். தையல் ஆலைக்குப் போகுது. கை உடைஞ்சுருச்சு அவங்களுக்கு. நான் இன்னிக்கு இவங்ககிட்ட வேலை."

பெயிண்டர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிலைப்படி வரைக்கும் வந்தார்.

"அங்கேயே நில்லும். உம்ம சட்டையில சுண்ணாம்பு இருக்கு" என்றார் கொத்தனார்.

"ஏன் தங்கச்சி, ஆளு எப்படி? வேலை தெரியுதா?" என்று பெயிண்டர் ரோல்காரம்மாவிடம் கேட்டார்.

"பரப்பறதுல இவரை அடிச்சுக்க ஆள் இல்லண்ணே" என்றாள் ரோல்காரம்மா. "மத்ததெல்லாம் இப்பதான்."

"மேஸ்திரிகிட்ட நான் என்ன சொல்ல?"

"கேக் சுத்தறாருன்னு சொல்லும்" என்றார் கொத்தனார், தலை நிமிராமல். "சும்மா எவன் வேணாலும் சுத்திட முடியாது, அதுக்கு ஒரு நேரம் இருக்கு, ஒரு பதம் இருக்குன்னும் சொல்லும். முதல்ல ஒண்ணு போட்டேன், செங்கல்லு மாதிரி வந்துச்சு. இவங்க ஒன்பது வருஷமா ஒண்டி ஆளா செய்யறாங்க. எனக்கே நேத்துத்தான் தெரியும்."

அவள் ஐஸ்கட்டியை அள்ளுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

பேச்சு சுவாரசியத்தில் பத்தும் பதினொன்றும் முடிந்து, பன்னிரண்டாவதைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் ஓரத்தில் எதற்கு இடம் விடுகிறீர் என்று பெயிண்டர் கேட்ட கேள்விக்குக் கொத்தனார் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். க்ரீமைக் காப்பாற்றின அதே காற்று, திறந்து கிடந்த ஸ்பாஞ்சை உலர்த்திவிட்டது. சுத்தும்போது டப்பென்று ஒரு சின்னச் சத்தம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு வெடிப்பு. பெயிண்டர் சத்தமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கொத்தனார் அந்த வெடிப்பையே பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "இது ஒண்ணுமில்ல. மேல சாக்லேட்டை உருக்கிப் பட்டி பாத்துடலாம். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

"உங்க சுவத்துல வெடிப்பு வந்தா பட்டி வச்சு மூடிட்டு வருவீங்களா?"

அவர் தயங்கினார். "சில பேரு செய்வான்."

"நீங்க?"

"கொத்திட்டுத் திருப்பிப் பூசுவேன்."

"திருப்பிப் பூச இப்ப நேரமும் இல்ல, க்ரீமும் இல்ல. இது வீட்டுக்கு. பதினொண்ணு போகட்டும்."

"பன்னெண்டு கேட்டாங்களே அந்தம்மா."

"பதினொண்ணுன்னு சொல்லுவோம்."

ஒன்றரை மணிக்கு ஆட்டோவில், ஐஸ் போட்ட பெட்டிகளை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு போனார்கள். பள்ளம் வருமுன்னே கொத்தனார் டிரைவரின் தோளைத் தொட்டார். தையல் ஆலைக் கேன்டீன் நீளமான தகரக் கூரைக் கொட்டகை. அங்கிருந்தே நூற்றுக்கணக்கான தையல் மெஷின் ஓடுகிற இரைச்சல் கேட்டது. கேன்டீன் அம்மா பெட்டிகளை எண்ணினாள்.

"பதினொண்ணுதான் இருக்கு."

"பன்னெண்டாவது வெடிச்சுடுச்சு. கொண்டுவரல" என்றாள் ரோல்காரம்மா.

"வெடிச்சா என்ன? திங்கறதுதானே. கொண்டுவந்திருக்கலாமே."

"வெடிச்சது என் பேருல வெளிய போறதில்லைங்க."

கேன்டீன் அம்மா மாவுக்கட்டைப் பார்த்தாள், கொத்தனாரைப் பார்த்தாள், மறுபடி பெட்டிகளைப் பார்த்தாள். "அது உங்க பெருமை. எனக்குப் பன்னெண்டு லைன் இருக்கே. ஒரு லைன் ஆளுங்களைக் கையைக் கட்டிட்டு நிக்கச் சொல்லவா?"

கொத்தனார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ரோல்காரம்மா முந்திக்கொண்டாள்.

"நூத்தி அறுபத்தெட்டு பேருதானே? நல்ல கத்தியா ஒண்ணு குடுங்க. ஒரு பாத்திரத்துல வெந்நீரும், ஒரு துணியும். பதினாலு போடற இடத்துல பதினாறு போடறேன். பதினோரு ரோலுக்கு நூத்தி எழுவத்தாறு வரும். உங்க கேன்டீன் ஆளுங்களுக்கும் ஆளுக்கொண்ணு இருக்கும்."

"அவ்வளவு மெல்லிசா வெட்டினா உதிராதா? பேக்கரி ரோலை ரெண்டு விரல் கனத்துல வெட்டினாலே அப்பளமா நொறுங்குது."

"பாருங்க."

முதல் ரோலைப் பெட்டியிலிருந்து கொத்தனார் எடுத்து வைத்தார். அவள் இடது கையில் கத்தியைப் பிடித்தாள். வெந்நீரில் முக்கி, துணியில் துடைத்து, ரோலின் மேல் வைத்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் அறுத்தாள். பழக்கமில்லாத கைதான். ஆனால் அவசரப்படவில்லை. துண்டு தானாகச் சாய்ந்து தட்டில் விழுந்தது. ஒரு விரல் கனம்கூட இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சுழி, நடுவில் தொடங்கி விளிம்பு வரைக்கும் வெள்ளைக் கோடு எங்கேயும் தடிக்கவில்லை, எங்கேயும் மெலியவில்லை. ஒரு பொடி உதிரவில்லை. மறுபடி கத்தியை முக்கித் துடைத்தாள். அடுத்தது விழுந்தது. அடுப்படியில் நின்ற இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

பதினாறும் விழுந்த பிறகு கேன்டீன் அம்மா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கடித்தாள். மென்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டு, விரல் நுனியில் ஒட்டியிருந்த க்ரீமை, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், நக்கினாள். ரோல்காரம்மா பார்த்துவிட்டாள். ஒன்றும் பார்க்காதவள் மாதிரி அடுத்த ரோலில் கத்தியை வைத்தாள்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. மெஷின் இரைச்சல் ஓய்ந்து செருப்புச் சத்தம் வந்தது. தோளில் நூல் துணுக்கும் கழுத்தில் அளவு டேப்புமாக லைன் லைனாகப் பெண்கள் வந்து டீயும் தட்டும் வாங்கிக்கொண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். தட்டுகள் சீக்கிரமே காலியாயின. பிறகு யாரோ, "இன்னொரு துண்டு கிடைக்குமாக்கா?" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். சுவரோரம் நின்றிருந்த கொத்தனார், தான் பூசின வீட்டைக் குடிவந்தவர்கள் சுற்றிப் பார்க்கும்போது நிற்பாரே, அதே நிற்பு நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மார்பு கொஞ்சம் முன்னால் வந்து.

"இவ்வளவு பேரு திங்கறதை நான் பாத்ததே இல்லைங்க. பெட்டியைக் குடுத்துட்டு வந்துடுவேன். அவங்க வீட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும்னு தெரியாது" என்றாள் ரோல்காரம்மா அவரிடம், மெதுவாக.

"நல்லாப் பாத்துக்க" என்றார் அவர்.

எல்லோரும் திரும்பிப் போன பிறகு கேன்டீன் அம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் பன்னெண்டு. ஆனா பன்னெண்டுன்னா பன்னெண்டு. வெடிச்சுச்சுன்னு வந்து நிக்கக் கூடாது."

"பதிமூணு செய்வேன்" என்றாள் ரோல்காரம்மா.

"இதை நிரப்பிக் குடுங்க. சரக்கு குடுக்கறவங்க எல்லாரும் குடுக்கணும்."

அவள் வலது கை மாவுக்கட்டுக்குள் இருந்ததால் கொத்தனார் பேனாவை வாங்கினார். பெஞ்சில் உட்கார்ந்து தாளை மட்டமாக விரித்தார். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலே போகாமல் கீழே இறங்காமல் எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பெயரை அவர் எழுதியே எத்தனை வருஷம் ஆயிற்றோ. தொழில் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்கவில்லை. 'கேக் தயாரிப்பு' என்று அவராகவே எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"வேலையாட்கள் எத்தனைன்னு கேக்கறான்."

"ஒண்ணுன்னு போடுங்க."

"நிரந்தரமா, தற்காலிகமான்னு வேற இருக்கு."

"ஆறு வாரம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவர் தற்காலிகம் என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தார். கேன்டீன் அம்மா அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். வேலையாட்கள் வரியில் வந்து நின்று, கொத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"இவருதானா உங்க ஆளு? ஒழுங்கா வேலை செய்வாரா?"

ரோல்காரம்மா காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இடது கையில் தூக்கிக்கொண்டாள்.

"கை கொஞ்சம் கனம்" என்றாள். "பழக்கிட்டிருக்கேன்."